'லெட் யூ கோ' என்றால் சீக்கிரம் கிளம்பலாம்னு அர்த்தமா? ஆபீஸ் ஆங்கிலத்தில் உஷாரா இருக்க வேண்டிய தொடர்கள்!

'வீ ஹேவ் டு லெட் யூ கோ'. மேனேஜர் இப்படிச் சொன்னால், இன்னைக்கு சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம்னு நினைச்சுடாதீங்க. வேலையை விட்டு நீக்குவதைத்தான் நாசூக்காக இப்படிச் சொல்கிறார்கள்.

வார்த்தைக்கு வார்த்தை அர்த்தம் பார்த்தால் பிடிபடாத இந்த மாதிரி தொடர்களுக்கு 'இடியம்' என்று பெயர். தமிழில் மரபுத்தொடர். 'அவரைக் கைகழுவி விட்டாங்க' என்றால் யாரும் சோப்பைத் தேடுவதில்லையே, அதே கதைதான்.

அடிக்கடி காதில் விழும் சில தொடர்கள்:

* தி பால் இஸ் இன் யுவர் கோர்ட்: டென்னிஸ் ஆட்டத்தில் இருந்து வந்தது. அடுத்த முடிவு உங்க கையில் என்று அர்த்தம். மெயிலில் இப்படி வந்தால், பதில் அனுப்ப வேண்டியது நீங்கள்தான்.

* பால்பார்க் ஃபிகர்: அமெரிக்க பேஸ்பால் மைதானத்துக்கு 'பால்பார்க்' என்று பெயர். இங்கே அர்த்தம், தோராயமான தொகை. இன்டர்வியூவில் சொல்லும் பால்பார்க் சம்பளத்தை நம்பி லோன் போட்டுவிடக் கூடாது.

* ரெயின் செக்: மழையால் பேஸ்பால் ஆட்டம் நின்றுபோனால், இன்னொரு நாள் வந்து பார்க்க ரசிகர்களுக்குச் சீட்டு கொடுப்பார்கள். 1880களில் வந்த பழக்கம் இது. இப்போது, 'இன்னைக்கு முடியாது, அப்புறம் பார்க்கலாம்' என்று அர்த்தம்.

* அண்டர் தி வெதர்: வானிலைக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. உடம்பு சரியில்லை, அவ்வளவுதான்.

* பட்டர்ஃப்ளைஸ் இன் மை ஸ்டமக்: கிட்டத்தட்ட நம்ம 'வயித்துல புளியைக் கரைக்குது'. ஆனால் பயம் மட்டுமல்ல, காதல் படபடப்புக்கும் இதைச் சொல்வார்கள்.

ஒரே வார்த்தை, நேர் எதிர் அர்த்தம்!

ஒரு விஷயத்தை 'டேபிள்' செய்யலாம் என்றால், பிரிட்டனில் உடனே விவாதத்துக்கு எடுப்பது. அமெரிக்காவில் ஒத்திப்போடுவது. இரண்டாம் உலகப்போரின்போது இந்த ஒரு வார்த்தையால் இரு நாட்டு அதிகாரிகளும் நீண்ட நேரம் காரசாரமாக வாதாடினார்கள். இரு தரப்பும் கேட்டது ஒன்றைத்தான் என்பது பிறகே தெரிந்தது. இதை சர்ச்சில் தன் போர் வரலாற்று நூலில் பதிவு செய்திருக்கிறார்.

எங்கே பயன்படுத்தலாம்?

நண்பர்களிடமும், பழகிய சக ஊழியர்களிடமும் பேசும்போது தாராளமாகப் பயன்படுத்தலாம். ரெஸ்யூமே, ஒப்பந்தம், புகார் கடிதத்தில் நேரடியான வார்த்தையே பாதுகாப்பு. இறப்பதைக் குறிக்கும் 'கிக் தி பக்கெட்' கிண்டல் தொனி கொண்டது. இரங்கல் செய்தியில் எழுதினால் வம்புதான்.

புரியவில்லை என்றால் 'வாட் டு யூ மீன்?' என்று கேட்பதில் தப்பில்லை. குறிப்பாக 'லெட் யூ கோ' காதில் விழுந்தால் தலையாட்டிவிட்டு வராதீர்கள். கடைசி வேலை நாள் எது, நோட்டீஸ் காலம் எவ்வளவு, வர வேண்டிய பணம் என்ன என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.