மறைவிடம் தேடிய மன்னர்கள்: கண்டி அரசின் அரண்களும் கட்டுகஸ்தோட்டைத் துறையும்

கண்டி மாநகரிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் வீதி ஏறத்தாழ மூன்று மைல் தொலைவில் மகாவலி கங்கையைக் கடக்கின்றது. அவ்விடமே கட்டுகஸ்தோட்டை. சிங்கள மொழியில் 'கட்டு' என்பது முள்ளையும், 'கஸ்' என்பது மரங்களையும், 'தொட்ட' என்பது துறையையும் குறிக்கும். முள்மரத்துறை என்று நாம் அதனைத் தமிழிற் கூறலாம். இன்று பேருந்துகளும் வாகனங்களும் நெருக்கியடித்துப் பாலத்தைக் கடக்கும் இவ்விடத்தில், இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் பாலம் இருக்கவில்லை. பாலம் கட்ட இயலாமையினால் மட்டும் அது இல்லாதிருந்தது என்று கருதுதல் தவறாகும். கண்டி மன்னர் ஆற்றின்மேற் பாலத்தை விரும்பவில்லை.

இலங்கையின் ஏனைய அரசுகள் ஒவ்வொன்றாக மேனாட்டார் கைப்பட்ட காலத்தில் கண்டி அரசு மட்டும் தனித்து நின்றது. சீதாவாக்கை 1590களிற் சிதைந்தது. 1597இல் தர்மபாலன் இறந்தபோது கோட்டை போர்த்துக்கேய மன்னனுக்கு உரியதாயிற்று. யாழ்ப்பாணம் 1619இல் வீழ்ந்தது. கண்டியோ 1594ஆம் ஆண்டுப் படையெடுப்பிலிருந்து 1815 வரை, ஏறத்தாழ 220 ஆண்டுகள், போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரித்தானியர் என்னும் மூவரையும் எதிர்த்து நின்றது. மலையும் காடும் ஆறும் அதனைக் காத்தன என்பதே பாடநூல்கள் தரும் விடை. இவ்விடை பிழையன்று, ஆயினும் நிறைவானதுமன்று. 1803இற் பிரித்தானியப் படையை விழுங்கிய அதே மலையும் அதே ஆறும் 1815இலும் இருந்த இடத்திலேயே இருந்தன. அவ்வாறாயின் பன்னிரண்டே ஆண்டுகளில் மாறியது யாது என்ற வினா எழுகின்றது.

முதலில் இடத்தின் இயல்பை நோக்குவோம். வள்ளுவர் தமது அரண் அதிகாரத்தில் நீர், வெளிநிலம், மலை, காடு என்னும் நான்கையும் அரணுக்கு உறுப்புகளாகக் கொள்வர். செங்கடகலை எனப்பட்ட கண்டி நகருக்கு இவற்றுள் மூன்று இயற்கையாகவே அமைந்திருந்தன. தெற்கிலிருந்து வரும் மகாவலி பேராதனையைத் தாண்டி வடக்கே சென்று, கட்டுகஸ்தோட்டை அருகே திரும்பி, கிழக்கு வழியாக மீண்டும் தெற்கு நோக்கி இறங்குகின்றது. நகரின் மேற்கு, வடக்கு, கிழக்கு ஆகிய மூன்று பக்கங்களும் ஆற்றினாற் சூழப்பட்டுள்ளன. தென்மேற்கில் ஹந்தானை மலை நிற்கின்றது. கொழும்புப் பக்கமிருந்து வருவோர் பலனைக் கணவாயிலோ கலகெதரைப் பக்கத்துக் கணவாயிலோ ஏறியே ஆகவேண்டும். வடக்கே மாத்தளை வழியாக வருவோர்க்கும் கலகெதரை வழியாக வருவோர்க்கும் வாயிலாக அமைந்தது கட்டுகஸ்தோட்டைத் துறையே.

இயற்கை தந்த இவ்வரணை மன்னர் எவ்வாறு பேணினர் என்பதை அறிய நமக்கு அரிய சான்று ஒன்று உண்டு. 1660இற் சிறைப்பட்டு, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கண்டி நாட்டில் வாழ்ந்து, 1679இல் தப்பியோடிய ஆங்கிலேயரான றொபேட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலே அது. பாதைகள் ஒருவர் பின் ஒருவராகச் செல்லத்தக்க அளவுக்கே ஒடுங்கியிருந்தன என்றும், மகாவலியின்மேற் பாலம் அமைக்க முடிந்தாலும் இரண்டாம் இராஜசிங்கன் அதற்கு இடமளியான் என்றும், நாட்டைக் கடத்தற்கு எளிதாக்குவதைக் காட்டிலும் சிக்கலாக வைத்திருப்பதையே அவன் விரும்பினான் என்றும் நொக்ஸ் கூறுகின்றார். நகரைச் சுற்றி இரண்டு மூன்று மைல் தூரத்திற் பாதைதோறும் முள்வாயில்களும் காவலும் இருந்தன. முட்களைக் கட்டித் தொங்கவிட்ட அவ்வாயில்களைக் கடப்போர் களிமண்ணிற் பதித்த முத்திரையைக் காட்டவேண்டும். போர்வீரனுக்கு ஓர் உருவமும், கூலியாளுக்கு வேறோர் உருவமும், வெள்ளையனுக்கு மற்றோர் உருவமும் அம்முத்திரைகளிற் பொறிக்கப்பட்டிருந்தன. முள்வாயிலையும் முள்மரத்துறையையும் இணைத்துப் பேச மனம் விழையும். பெயரொற்றுமையன்றி வேறு சான்று இல்லாமையால் அவ்விழைவை அடக்குதலே நன்று.

நொக்ஸின் வரலாறே இவ்வமைப்பின் வலிமையைக் காட்டப் போதுமானது. அவரைச் சங்கிலியாற் பிணைத்து வைக்கவில்லை. ஊரில் வீடும் நிலமும் உடையவராக அவர் வாழ்ந்தார். ஆயினும் வெளியேறும் வழியை அறியாதிருந்தமையே அவருக்குச் சங்கிலியாயிற்று. பண்டங்களைத் தோளிற் சுமந்து விற்கும் சிறு வணிகராக வடக்குப் பக்கம் ஆண்டுக்கணக்கில் நடந்து, வழிகளைச் சிறிது சிறிதாகக் கற்ற பின்னரே அவரும் அவர் தோழர் ஒருவரும் அநுராதபுரத்துக் காடுகளினூடாக அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தனர். கண்டி அரசின் உண்மையான மதில் கல்லினாலன்றி அறியாமையினாற் கட்டப்பட்டது எனலாம். அம்மதில் எங்கே திறக்கும் என்பதை அறிந்தோர் மன்னனுடன் நின்றவரை அது விழவில்லை.

இனி, வரலாற்று மாணவர் பலர் கவனியாது விடும் ஒரு செய்தியைக் கூறவேண்டும். கண்டி நகர் மன்னரின் மறைவிடமன்று. அது யாவரும் அறிந்த தலைநகர். பகைவர் தேடி வரும் இடம். மறைவிடங்கள் வேறாக இருந்தன. இரண்டாம் இராஜசிங்கனின் நகர்கள் என நொக்ஸ் ஐந்தினைக் குறிக்கின்றார்: கண்டி, நிலம்பை, அலுத்நுவரை, பதுளை, தியத்திலகபுரம் எனப்பட்ட ஹங்குரான்கெத்தை. 1664இல் மன்னன் நிலம்பையில் இருந்தபோது கிளர்ச்சி எழுந்தது. அவன் இரவோடிரவாக மலைக்குள் ஒதுங்கினான். கிளர்ச்சி சில நாட்களிற் கலைந்தபின் அவன் கண்டிக்குத் திரும்பவில்லை. ஹங்குரான்கெத்தையையே தன் இருப்பிடமாக்கிக் கொண்டான். அரண்மனையை அடுத்து, இடர் நேர்ந்தால் ஏறி ஒளிந்துகொள்ளத்தக்க மலை ஒன்று இருந்தமை அத்தேர்வுக்கு முக்கிய காரணமாகும். அரியணையைக் காட்டிலும் அரியணைக்குப் பின்னாலுள்ள வழியைப் பார்த்து அவன் இடந்தேர்ந்தான் போலும். பிற்காலத்தில் தும்பறைப் பகுதியிலுள்ள மெதமகாநுவரையும் இவ்வாறே பயன்பட்டது.

ஆகவே தலைநகரைப் பகைவரிடம் விட்டுவிடுதல் கண்டியர்க்குத் தோல்வியாகத் தோன்றவில்லை. 1638இல் தியோகு தெ மெலோ படையுடன் நகருள் நுழைந்தபோது அது வெறுமையாகக் கிடந்தது. எரித்துவிட்டுத் திரும்பிய அப்படை, இன்று பேராதனைப் பல்கலைக்கழகத்திலிருந்து ஆற்றின் அக்கரையிலே தெரியும் கன்னொறுவையில் மார்ச் 28ஆம் நாள் சூழப்பட்டு அழிந்தது. 1765இல் ஒல்லாந்த ஆளுநர் வான் எக் நகரைப் பிடித்தபோதும் கீர்த்திஸ்ரீ இராஜசிங்கன் மலைகளுக்குள் விலகிவிட்டான். பிடித்த நகரில் ஒல்லாந்தர் நோயுற்றனர்; உணவின்றி வாடினர்; அவ்வாண்டு முடியுமுன்னரே வெளியேறினர். ஆனால் மறைவிடம் எல்லாவற்றையும் காப்பதில்லை என்பதையும் ஈண்டுச் சொல்லவேண்டும். 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையினால் மன்னன் கடற்கரை முழுவதையும் இழந்தான்.

1803ஆம் ஆண்டு நிகழ்ச்சிகள் கட்டுகஸ்தோட்டைச் சுற்றுப்புறத்தோடு நெருங்கிய தொடர்புடையன. அவ்வாண்டு பெப்ரவரியில் தளபதி மக்டொவல் கொழும்பிலிருந்தும், பார்பற் திருகோணமலையிலிருந்தும் படை நடத்தி வந்தனர். நகருள் நுழைந்தபோது மக்களைக் காணவில்லை. அரண்மனையின் ஒரு பகுதி எரிந்துகொண்டிருந்தது. பிரித்தானியர் முத்துசாமி என்னும் நாயக்க இளவரசனை அரியணையில் ஏற்றினர். ஆள்வதற்கு மக்கள் இல்லாத மன்னனாக அவன் வெற்று நகரில் அமர்ந்தான். ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் ஹங்குரான்கெத்தையில் இருக்கின்றான் என்று முதலதிகாரம் பிலிமத்தலாவை கூறியதை நம்பி மார்ச் மாதத்தில் இரு படைப்பிரிவுகள் அங்கே சென்றன. வழிநெடுகக் காட்டிலிருந்து துப்பாக்கிச் சூடுகள் வந்தன. சென்றடைந்தபோது மன்னன் அங்கில்லை. மறைவிடம் ஒன்று மட்டுமாயின் அது பொறியாகும் என்பதை மன்னன் அறிந்திருந்தான், படைத்தலைவர் அறிந்திலர்.

ஏப்ரலில் மக்டொவல் கொழும்புக்குத் திரும்ப, நகர்க்காவல் மேஜர் டேவியின் பொறுப்பாயிற்று. காய்ச்சல் படையை அரித்தது. மருத்துவ விடுதியிற் கிடந்தோர் நிற்கக்கூடியவர்களைக் காட்டிலும் மிகுந்தனர். யூன் 24ஆம் நாள் கண்டியர் தாக்கினர். திருகோணமலைக்குச் செல்ல வழிவிடப்படும் என்ற வாக்குறுதியின்பேரில் டேவி நகரை ஒப்படைத்து, நடக்க இயன்றவர்களுடனும் முத்துசாமியுடனும் புறப்பட்டார். கட்டுகஸ்தோட்டைக்கு அணித்தாயுள்ள வட்டபுளுவையில் மகாவலி அவர்களை மறித்தது. தென்மேற்குப் பருவமழையால் ஆறு பெருகியிருந்தது. ஓடம் இல்லை. தெப்பம் கட்டிக் கயிறு இழுத்துக் கடக்க முயன்றும் நீரின் வேகம் இடங்கொடுக்கவில்லை. முத்துசாமியை ஒப்படைத்தால் ஓடங்கள் தரப்படும் என்று மன்னனின் ஆட்கள் கூறினர். அவன் ஒப்படைக்கப்பட்டுக் கொல்லப்பட்டான், ஓடம் வரவில்லை. அடுத்து, ஆயுதங்களைக் கீழே வைத்தவர்களும் ஆற்றங்கரையிலேயே கொல்லப்பட்டனர். நகரில் விடப்பட்ட நோயாளரும் தப்பவில்லை. தப்பியோர் மிகச் சிலரே. டேவி பின்னர் சிறையிலேயே இறந்தார். பிரித்தானிய நூல்கள் இதனைக் கண்டியரின் கொடுமைக்கு எடுத்துக்காட்டாக எழுதிச் செல்கின்றன. கொடுமை என்பதில் ஐயமில்லை. ஆயின் பாலத்தை மறுத்த பழைய கொள்கை தன் பயனை முழுமையாகத் தந்ததும் அந்த மூன்று நாட்களிலேதான்.

மறைந்திருப்போர்க்கு உணவு வேண்டும். தும்பறைப் பள்ளத்தாக்கின் வயல்களும், ஹங்குரான்கெத்தையைச் சூழ்ந்த ஊர்களும், அப்பாலுள்ள ஊவாவும் மன்னரைத் தாங்கின. உப்புக்கு மட்டும் கரையை நோக்கவேண்டியிருந்தது. 1817இல் எழுந்த பெருங்கிளர்ச்சியை அடக்கும்போது பிரித்தானியர் ஊவாவிலும் வெல்லசையிலும் வயல்களையும் கால்நடைகளையும் அழித்தமை இதனை அவர்கள் நன்கறிந்துவிட்டமையைக் காட்டும்.

மீண்டும் முதல் வினாவுக்கு வருவோம். 1803க்கும் 1815க்கும் இடையில் மாறியது யாது? ஜோன் டொயிலி என்னும் பிரித்தானிய அதிகாரி 1801இல் இலங்கைக்கு வந்து, மாத்தறையிற் கறதொட்ட தம்மாராம தேரரிடம் சிங்களம் கற்றவர். பிக்குகள், வணிகர், தூதுவர், அதிருப்தியுற்ற தலைவர் ஆகியோர் வாயிலாகக் கண்டி நாட்டுச் செய்திகளை இடையறாது திரட்டினார். 1810 முதல் 1815 வரை அவர் எழுதிய நாட்குறிப்பு இன்று அச்சிற் கிடைக்கின்றது. எந்தத் தலைவன் எவருடன் மனத்தாங்கல் கொண்டான் என்பது போன்ற சிறு செய்திகளை அதிற் காணலாம். நொக்ஸ் தோளிற் பண்டம் சுமந்து பல்லாண்டு நடந்து அறிந்ததைப் போன்ற அறிவு இப்போது ஓர் அலுவலகத்தின் மேசைமேல் தானாக வந்து குவிந்தது.

அதே ஆண்டுகளில் மன்னன் தலைநகரை அழகுபடுத்தினான். கண்டிக் குளம் 1812இல் நிறைவெய்தியது. எண்கோண மண்டபம் எழுந்தது. தேவேந்திர மூலாச்சாரியின் கைத்திறன் இன்றும் வியக்கத்தக்கது. எனினும், வேண்டும்போது எரித்துவிட்டு ஓடவேண்டிய நகரை ஒரு மன்னன் இவ்வளவு விரும்பியமை அவன் முன்னோர் கண்ட வழிக்கு மாறானது. கட்டாய ஊழியத்தாற் குடிகள் வெறுப்புற்றனர். 1814இல் சப்பிரகமுவைத் திசாவையான எகலப்பொலை பகைவரை அடைந்தான். அவன் குடும்பத்தார் கொடிய முறையிற் கொல்லப்பட்டனர். மன்னனின் கொடுமை பற்றி நமக்கு வந்துள்ள செய்திகளிற் பெரும்பகுதி அவன் அரசை விரும்பியோர் எழுதியவை என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். நாயக்கர் என்பதனால் அவனை அயலான் என்று தூற்றுவதும் அப்போதே தொடங்கிவிட்டது. இவற்றைக் கழித்துப் பார்த்தாலும், வழியறிந்தோர் அவனை விட்டு விலகினர் என்ற உண்மை எஞ்சுகின்றது.

1815 பெப்ரவரியிற் பல திசைகளிலிருந்தும் வந்த படைகள் பெரும்போர் எதுவுமின்றி நகரை அடைந்தன. வழக்கம்போல நகர் வெறுமையாகவே இருந்தது. வழக்கம்போல மன்னன் தும்பறைக்குள் ஒதுங்கியிருந்தான். வழிகளும் மலைகளும் முன்னையவையே. ஆனால் இம்முறை தேடிச் சென்றோருள் அந்நாட்டவரே முன்னணியில் நின்றனர். தெல்தெனியாவில் டொயிலி தங்கியிருக்க, எக்னெலிகொடையின் ஆட்கள் பெப்ரவரி 18ஆம் நாள் மெதமகாநுவரைக்கு அருகில் ஒரு வீட்டைச் சூழ்ந்தனர். மறைந்திருந்த இடத்தை ஒரு சிறுவனே காட்டினான் என்பர். மன்னனும் அரசியர் இருவரும் பிடிபட்டனர். மார்ச் 2ஆம் நாள் உடன்படிக்கை ஒப்பமாயிற்று. ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் வேலூருக்கு அனுப்பப்பட்டு, 1832இல் அங்கே காலமானான்.

வென்றவர்கள் முதலிற் கைவைத்தது பாதைகளிலேயே. 1820களிற் கடுகண்ணாவை வழியாகக் கொழும்பு வீதி வெட்டப்பட்டது. 1830களின் தொடக்கத்திற் பேராதனையில் முதிரை மரப்பாலம் ஆற்றைக் கடந்தது. 1880இல் மாத்தளைக்குச் செல்லும் புகையிரதப் பாதை கட்டுகஸ்தோட்டையில் மகாவலியைத் தாண்டியது. 1976இல் சற்றுக் கீழே பொல்கொல்லையில் அணை எழுந்தபின், வீரர் இறங்கிக் கடக்க அஞ்சிய நீர் தேங்கி அமைதியாக நிற்கின்றது. டொயிலி மன்னனுக்காகக் காத்திருந்த பழைய தெல்தெனியா 1980களில் விக்டோரியா நீர்த்தேக்கத்துள் மூழ்கிற்று. மெதமகாநுவரையில், மன்னன் பிடிபட்ட இடத்தைக் குறிக்கும் நினைவுக்கல் மட்டும் மேட்டுநிலத்தில் நிற்கின்றது.