மரத்தின் வயதுக்கு மதிப்புத் தந்தவர்

இயற்கைப் பாதுகாப்பின் வரலாறு பெரும்பாலும் அமெரிக்காவின் யெல்லோஸ்டோனிலிருந்துதான் தொடங்கப்படுகிறது. அது தேசியப் பூங்காவானது 1872இல். அதற்குப் பதினொரு ஆண்டுகளுக்கு முன்பே, 1861 ஆகஸ்டு 13 அன்று, பாரிஸுக்குத் தெற்கே உள்ள ஃபோன்தேன்புளோ காட்டில் 1,097 ஹெக்டேரைக் கோடரி படாமல் ஒதுக்கி வைக்கும்படி பிரெஞ்சுப் பேரரசின் ஆணை வெளிவந்தது. அந்த ஒதுக்கீட்டுக்கு இடப்பட்ட பெயர் ‘கலைக் காப்பகம்’. அங்கே காக்கப்பட்டவை ஓவியர்களின் கண்ணுக்கு அருமையாகப்பட்ட மரங்களும் பாறைகளும். அரசாணை வரை போன அந்த மதிப்பீட்டுக்கு அடித்தளமிட்டவர்களில் முதன்மையானவராக நான் கருதுவது தியோடர் ரூசோவை. தத்துவவாதி ரூசோவை அல்ல, அவருக்கு நூறாண்டு பிந்திப் பிறந்த நிலக்காட்சி ஓவியரை.

1812இல் பாரிஸில் பிறந்த ரூசோவின் காலத்தில் நிலக்காட்சி ஓவியத்துக்குத் தனி மதிப்புக் கிடையாது. புராணக் கதைக்கோ ரோமானிய வரலாற்றுக்கோ பின்னணியாக நின்றால்தான் மரத்துக்கு இடம். அந்த மரமும் ஓவியக்கூடத்தில் ஒழுங்குபடுத்திய மரமாகவே இருக்கும். ரூசோ வரைந்ததோ குறிப்பிட்ட ஓரிடத்தில் குறிப்பிட்ட வயதோடு நிற்கும் ஒரு மரத்தை. அதன் முறிந்த கிளை, பாசி படிந்த பட்டை, புயலில் சாய்ந்த சாய்வு எதையும் விடாமல். ஜூரா மலையிலிருந்து மாடுகள் இறங்கிவரும் காட்சியை வரைந்த அவருடைய பெரிய படத்தை 1836இல் சலூன் கண்காட்சியின் நடுவர் குழு தள்ளியது. அடுத்த ஆண்டுகளிலும் மறுப்பே தொடர்ந்ததால், 1841க்குப் பிறகு 1848 புரட்சி வரும்வரை அவர் படம் அனுப்புவதையே நிறுத்திவிட்டார். ‘மாபெரும் மறுக்கப்பட்டவர்’ என்ற பட்டப்பெயர் அப்படி வந்ததுதான். காட்டோரச் சிற்றூரான பார்பிசோனில் குடியேறிய அவர், மாலை வெயிலில் நிற்கும் குளிர்காலக் காடு ஒன்றை 1840களின் நடுவில் வரையத் தொடங்கி, 1867இல் இறக்கும்வரை அதைத் திருத்திக்கொண்டே இருந்தார். ஒரு படத்துக்கு இருபது ஆண்டுகள் தந்தவருக்கு, முந்நூறு ஆண்டுகள் வளர்ந்த ஓக் மரம் ஒரு பகலில் விழுவது எப்படித் தாங்கும்? 1847இல் மரம் வெட்டும் காட்சி ஒன்றை வரைந்து, ஏரோது மன்னன் குழந்தைகளைக் கொன்ற விவிலியக் கதையின் பெயரையே அதற்கு இட்டார்: ‘மாசற்றோர் படுகொலை’.

ஓவியத்தோடு அவர் நின்றுவிடவில்லை. 1852இல், அரசு அலுவலராயிருந்த நண்பர் சான்சியேயின் துணையோடு, உயர் பதவிகளில் இருந்த மோர்னி வழியாகப் பேரரசருக்கு விண்ணப்பம் செய்தார். மறு ஆண்டே 624 ஹெக்டேர் வெட்டுத் திட்டத்திலிருந்து விலக்கப்பட்டது. ரூசோவுக்கு முதன்மை தரும் இந்தக் கருத்துக்கு மறுப்பு உண்டு. காட்டுக்குள் பாதைகள் அமைத்து, பாறைகளில் அம்புக்குறி இட்டு, கையேடுகள் அச்சிட்ட தெனெகூர் என்ற முன்னாள் படைவீரரும், 1849இல் வந்த ரயிலும்தான் காட்டைப் பாரிஸ்காரர்களின் சொத்தாக்கினார்கள்; ஓவியரின் விண்ணப்பம் அந்த அலையில் மிதந்ததுதான் என்பார்கள். ரயிலின் பங்கை நானும் குறைக்கமாட்டேன். ஆனால் ரயிலில் வந்து இறங்கியவர்கள் எதைப் பார்க்க வந்தார்கள்? ஓவியங்கள் பெயர்பெறச் செய்த பா-ப்ரெயோ போன்ற முதுமரத் தோப்புகளையும் அல்லவா? கூட்டம் வந்ததால் மட்டும் ஒரு காடு காக்கப்படுவதில்லை. கூட்டத்துக்காகவே அழிந்த இடங்கள் ஏராளம். எதை வெட்டக்கூடாது என்று சொல்ல ஓர் அளவுகோல் வேண்டும். அந்த அளவுகோல் மரத்தின் முதுமை. அதைக் காணப் பழக்கியது ரூசோவும் அவர் தோழர்களும் வரைந்த படங்கள்.

வன அதிகாரிகளின் வாதம் இதைவிட வலுவானது. கிழமரம் உளுத்துப்போகும், வெட்டினால்தான் இளங்கன்று எழும், மணற்பாங்கான நிலத்தில் பைன் நட்டால் வருமானமும் வரும் என்றார்கள். பெருமளவில் நட்டும் காட்டினார்கள். காட்டின் அழகைக் கெடுக்கின்றன என்று ஓவியர்கள் பைன் கன்றுகளைப் பிடுங்கி எறிந்ததும் உண்டு. அந்தச் செயலை நியாயப்படுத்த முடியாது. ஃபோன்தேன்புளோ அரசர்களின் வேட்டைக்காடு, மனிதக் கை படாத வனம் அல்ல என்பதும் உண்மை. மரவிளைச்சலைப் பொறுத்தவரை அதிகாரிகள் சொன்னது சரிதான். ஆனால் காட்டின் பயனை மரவிளைச்சலால் மட்டும் அளந்தது அவர்களுடைய பிழை. 1853இல் விட்டுவைத்த லா தில்லே, குரோ ஃபூதோ என்ற பகுதிகள் இன்று கடுமையான உயிரியல் காப்பகங்கள். அவர்கள் வீண் என்று கருதிய உளுத்த மரத்தில்தான் பூஞ்சைகளும், பட்டமரத்தை நம்பி வாழும் வண்டினங்களும் தழைக்கின்றன. ரூசோவுக்கு வண்டுகளைப் பற்றிக் கவலை இருந்திருக்காது. ஆயினும் முழு வாழ்நாளையும் வாழ்ந்து முடிக்க மரத்தை விடவேண்டும் என்ற அவருடைய கோரிக்கை, அறிவியல் பின்னாளில் வந்து சேர்ந்த இடத்திலேயே நின்றது.

ஓவியர்களுக்கான தனிச்சலுகை இது என்ற குற்றச்சாட்டு மிச்சமிருக்கிறது. 1852இன் விண்ணப்பத்தை மட்டும் படித்தால் அதில் நியாயம் தெரியும். கலைஞர்களின் வேலைத்தளம் என்ற பெயரில்தான் அது காட்டைக் கேட்டது. ஆனால் 1872இல் மீண்டும் வெட்டு அச்சம் எழுந்தபோது வாதம் விரிந்துவிட்டது. ரூசோ இறந்து ஐந்தாண்டுகள் ஆகியிருந்தன. ஓவியர்கள் பாதுகாப்புக் குழு அமைத்தார்கள், விக்டர் ஹ்யூகோ ஆதரவு தந்தார், நாவலாசிரியை ஜார்ஜ் சாந்த் காட்டுக்காகப் பரிந்து கட்டுரை எழுதினார். காடு ஓவியர்களுக்கு மட்டும் உரியதல்ல, தூரிகை பிடிக்காத எல்லாருக்கும், இனி வரப்போகும் தலைமுறைக்கும் உரியது என்பது அவருடைய வாதம்.