தேங்காய்க் கரையில் ஒரு குழந்தை!

புதுச்சேரியில் ‘சொல்தா வீடு’ என்றால் சின்னப் பிள்ளைக்கும் புரியும். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு, பென்ஷன் வாங்குகிறவர் வீடு. அந்தக் குடும்பங்களுக்கு பிரான்ஸ் வெளிநாடு அல்ல. சித்தப்பா இருக்கிற ஊர்!

ரீயூனியன் தீவும் புதுச்சேரிக்கு அப்படி ஒரு பழைய உறவுதான். மடகாஸ்கருக்குக் கிழக்கே, இந்தியப் பெருங்கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவு அது. 1848-ல் அங்கே அடிமை முறை ஒழிக்கப்பட்டது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டுமே? புதுச்சேரியிலும் காரைக்காலிலும் தமிழர்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றினார்கள். இன்றும் அந்தத் தீவில் அவர்களின் வாரிசுகள் தீ மிதிக்கிறார்கள்.

இதே தீவின் பெயரை வைத்து பிரான்சில் ஒரு கதை கட்டினார்கள். கதாநாயகி பெயர், சூரியா!

நம்மூர்ப் பெயர் மாதிரி இருக்கிறதல்லவா? முழுப் பெயர் சூரியா பொனாலி. ஐஸ் தரையில் இசைக்கேற்பச் சுழன்று, தாவி, மூன்று சுற்று சுற்றி, மெல்லிய இரும்புத் தகட்டின் மேல் வந்து இறங்குகிற ஃபிகர் ஸ்கேட்டிங் வீராங்கனை. அந்த விளையாட்டில் கறுப்பினப் பெண்களை அபூர்வமாகத்தான் பார்க்க முடியும். சூரியா கறுப்பினப் பெண். போதாதா பத்திரிகைகளுக்கு?

‘ரீயூனியன் தீவில், தேங்காய்கள் சிதறிக்கிடந்த ஒரு கடற்கரையில் கைவிடப்பட்ட குழந்தை!’

ஆஹா, என்ன உருக்கமான கதை! எழுதித் தள்ளிவிட்டார்கள். ஆனால், தீவும் பொய், தேங்காயும் பொய். சூரியா பிறந்தது பிரான்சின் நீஸ் நகரில், 1973 டிசம்பர் 15-ம் தேதி. எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோது சூசன் - ஜார்ஜ் பொனாலி தம்பதி தத்தெடுத்தார்கள். நிருபர்களைக் கவர்வதற்காகத் தீவுக் கதையை அவிழ்த்துவிட்டவர், அவருடைய கோச் திதியே கையாகே!

எங்கே பிறந்தார் என்று விசாரித்திருந்தால் குட்டு வெளிப்பட்டிருக்கும். பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் பிரெஞ்சு சர்க்காரில் ஒரு காகிதம்கூட நகராது. சொல்தா வீட்டில் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள்!

சரி, ஒரு சின்னப் பொய்யால் என்ன குடிமுழுகிப் போச்சு? சொல்கிறேன்.

1991 முதல் 1995 வரை, தொடர்ந்து ஐந்து முறை ஐரோப்பிய சாம்பியன். 1993, 94, 95 மூன்று வருடமும் உலகப் போட்டியில் வெள்ளி. இத்தனை சாதித்தவரைப் பற்றி ‘தேங்காய்க் குழந்தை’ என்று எழுதுவது சுலபம். அவர் தாவியதில் எது சரி, எது தப்பு, நடுவர்கள் எதற்கு மார்க்கைக் குறைத்தார்கள் என்று எழுத, விளையாட்டு தெரிந்திருக்க வேண்டும்!

1994, ஜப்பானின் சீபா நகரம். ஒன்பது நடுவர்களில் ஐந்து பேர் ஜப்பானின் யூகா சாடோ பக்கம். நான்கு பேர் சூரியா பக்கம். ஒரே ஒரு ஓட்டில் தங்கம் போனது. சூரியா பீடத்தில் ஏற மறுத்து அழுதார். கழுத்தில் போட்ட மெடலைக் கழற்றினார். அந்த அழுகை உலகத்துக்கு ஞாபகமிருக்கிறது. அந்த ஐந்துக்கும் நான்குக்கும் நடுவே நடந்தது என்ன? அதை ஞாபகம் வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்?

1998, நாகானோ ஒலிம்பிக்ஸ். குதிகால் நரம்பு அறுந்து, மீண்டு வந்திருந்தார். தங்கம் கிடைக்காது என்று தெரிந்துபோனது. அப்படியே பின்பக்கமாகக் குட்டிக்கரணம் போட்டு, ஒற்றைக் காலில் இறங்கினார் பாருங்கள்... அரங்கமே அதிர்ந்தது! போட்டியில் தடை செய்யப்பட்ட வித்தை அது. ஆட்டத்தை முடித்தபோது நடுவர்களுக்கு முதுகைக் காட்டியபடி ரசிகர்களைப் பார்த்து நின்றார். கிடைத்தது பத்தாவது இடம். அந்தத் தடையை நீக்க 2024 ஆனது!

பிரான்ஸை விடுங்கள். நாம் மட்டும் என்ன வாழ்கிறதாம்? நமக்குப் பழக்கமில்லாத விளையாட்டில் ஒருவர் ஜெயித்தால், முதலில் ஓலைக் குடிசையைத் தேடுகிறோம். அம்மா எந்த நகையை அடகு வைத்தார் என்று கேட்கிறோம். கஷ்டத்தை எழுதுவது தப்பில்லை. ஆனால், அது மட்டுமே செய்தியானால், கஷ்டம் தீர்ந்ததும் வீரரையும் மறந்துவிடுவோம்.

2025 செப்டம்பர். சீனாவின் பெய்தாய்ஹே. சக்கர ஸ்கேட்டிங் உலகப் போட்டி. தமிழ்நாட்டு வீரர் ஆனந்த்குமார் வேல்குமார் 1,000 மீட்டரை 1 நிமிடம் 24.924 விநாடிகளில் கடந்து தங்கம் வென்றார்.

அவர் எப்படிப்பட்ட வீட்டில் பிறந்தார் என்பது அப்புறம். அந்த 24.924 எப்பேர்ப்பட்ட வேகம், கடைசி வளைவில் அவர் என்ன செய்தார்... முதலில் அதைச் சொல்லுங்கள், நிருபர்களே!