அந்நிய மூலதனமும் காற்றுச்சக்தித் தொழினுட்பமும்: சீன அநுபவம் பற்றிய ஒரு குறிப்பு

வளர்முக நாடுகளிற் சூழலுக்கு இசைவான தொழினுட்பம் வளர்வதற்கு அந்நிய முதலீடே அடிப்படை என்னும் கருத்துப் பொருளியலாளர் பலரால் வலியுறுத்தப்படுகின்றது. மூலதனம் புகுமிடத்து அறிவும் உடன்புகும் என்பதே அதன் சாரம். இக்கூற்றினைக் கோட்பாட்டளவில் விவாதிப்பதிலும், வரலாற்றுச் சான்றொன்றின் அடிப்படையிற் பரிசீலிப்பதே பயனுடைத்து. சீனத்தின் காற்றுச்சக்திக் கைத்தொழில் அத்தகையதொரு சான்றாகும்.

1989ஆம் ஆண்டிற் சிஞ்சியாங் மாநிலத்து டபான்செங்கில் டென்மார்க்கின் நன்கொடையுடன் காற்றுச்சுழலிகள் நிறுவப்பட்டன. அவற்றை இயக்கிப் பேணியோர் பெற்ற அநுபவத்தினடியாகவே 1998இல் கோல்ட்விண்ட் நிறுவனம் தோன்றியது. அது ஜேர்மனியக் கம்பனிகளிடம் முதலில் 600 கிலோவாற்று, பின்னர் 750 கிலோவாற்றுச் சுழலிகளுக்கான உற்பத்தி உரிமங்களைப் பெற்றது. உலகச் சந்தையின் முன்னணிக் கம்பனிகள் நாளைய போட்டியாளரைத் தாமே உருவாக்க விரும்புவதில்லை. ஆதலின் இரண்டாம் நிலையில் இருந்தோரே உரிமம் விற்க முன்வந்தனர். அவர்கள் விற்றதும் வடிவமைப்பையேயன்றி, வடிவமைக்கும் ஆற்றலையன்று.

இந்நிலையை மாற்றியது அரசின் தலையீடாகும். சுழலிகளின் பெறுமதியில் நூற்றுக்கு 70 வீதம் உள்நாட்டு உற்பத்தியாக இருத்தல் வேண்டுமென 2005இற் சீன அரசு விதித்தது. சந்தையை இழக்க விரும்பாத ஸ்பானியக் கம்பனியான கமேசா, உள்ளூர் உதிரிப்பாக உற்பத்தியாளரைப் பயிற்றுவித்தது. அதே உற்பத்தியாளர் பின்னர் சீனக் கம்பனிகளுக்கும் வழங்குநராயினர். 2005இற் சீனச் சந்தையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினைக் கொண்டிருந்த கமேசாவின் பங்கு, 2010இல் நூற்றுக்கு 3 வீதமளவிற்கு வீழ்ந்தது. விதி 2009இல் நீக்கப்பட்டபோது அதன் பணி நிறைவெய்தியிருந்தது. 2008இற் கோல்ட்விண்ட், தன்னுடன் கூட்டாக வடிவமைப்பில் ஈடுபட்ட ஜேர்மனியின் வென்சிஸ் கம்பனியின் நூற்றுக்கு 70 வீதப் பங்குகளை வாங்கியது. மூலதனம் பாய்ந்த திசையே மாறியது.

எனினும் இதனை முழுவெற்றியாகக் கொள்வது இயக்கவியல் நோக்காகாது. வென்சிஸ் வகைச் சுழலிகளின் நிலைக்காந்தங்களுக்கு அருமண் உலோகங்கள் தேவை. அவற்றைப் பிரித்தெடுக்கும் உள்மொங்கோலியாவின் பாவோதோ நகர்ப்புறத்தில், நச்சுக்கழிவினால் விளைநிலமும் நீரும் மாசடைந்தன. தூய சக்தியின் விலையைச் செலுத்தியவர் அப்பகுதி விவசாயிகளே.

பிறிதொன்றும் மனங்கொள்ளத்தக்கது. சூரியசக்தித் துறையில் இந்தியா விதித்த இத்தகைய உள்நாட்டு உற்பத்தி நிபந்தனை, ஐக்கிய அமெரிக்காவின் முறைப்பாட்டின் பேரில், 2016இல் உலக வர்த்தக நிறுவனத்தால் விதிமீறலெனத் தீர்க்கப்பட்டது. பாதுகாப்பு வரிகளின் நிழலிலே தம் கைத்தொழிலை வளர்த்த நாடுகள், பின்வருவோர்க்கு அவ்வழியை அடைக்கின்றன.

ஆகவே, அந்நிய முதலீடு எவ்வளவு வருகின்றது என்பதன்று அடிப்படை வினா. எந்நிபந்தனையில், எவ்வர்க்கத்தின் நலனுக்காக வருகின்றது என்பதே வினா. மன்னார்த் தீவில் டென்மார்க்கிலிருந்து வாங்கிய 30 சுழலிகள் கடனுதவியுடன் நிறுவப்பட்டுள்ளன. அவற்றைப் பேணும் நம் தொழிலாளரின் அநுபவம், டபான்செங்கிற் போன்று ஆக்க ஆற்றலாக மாறுமா என்பதை நாமும் கேட்டாக வேண்டும்.