103 போதவில்லை, 72 போதும்

ஆங்கிலத்தில் எண்ணினால் 24 சொற்கள்தாம். சட்டம் தரும் சம உரிமையை ஆண், பெண் என்ற வேறுபாட்டைக் காட்டி மறுக்கக் கூடாது என்பதே அவற்றின் சாரம். 1923இல் பெண்ணுரிமைப் போராளி ஆலிஸ் பால் எழுதிய முதல் வடிவம் ஏறக்குறைய அரை நூற்றாண்டு அமெரிக்க நாடாளுமன்றத்திலேயே காத்துக் கிடந்தது. பிறகு மாற்றி எழுதப்பட்டு, 1972 மார்ச் 22 அன்று செனட்டில் 84க்கு 8 என்று வென்று, அரசியலமைப்பின் சம உரிமைத் திருத்தமாக மாநிலங்களை நோக்கிப் புறப்பட்டது. 50இல் 38 மாநிலச் சட்டமன்றங்கள் ஏழாண்டுக்குள் ஏற்க வேண்டும். ஹவாய் அன்றைக்கே ஏற்றுவிட்டது.

இல்லினாய்ஸில் தடை இருக்கும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். பெண்களுக்கு வாக்குரிமை தந்த 19ஆவது திருத்தத்தை 1919இல் முதன்முதலாக ஏற்ற மூன்று மாநிலங்களில் அதுவும் ஒன்று. ஆனால் 1970இல் அம்மாநிலம் தனக்கென எழுதிக்கொண்ட புதிய அரசியலமைப்பில் ஒரு விதி இருந்தது: கூட்டாட்சித் திருத்தம் எதுவானாலும் இரு அவைகளிலும் ஐந்தில் மூன்று பங்கு உறுப்பினர்கள் ஆதரிக்க வேண்டும். கீழவையில் 177 பேர். பாதிக்கு மேல் என்றால் 89 போதும். ஐந்தில் மூன்று என்றால் 107 வேண்டும்.

முதல் இரண்டு ஆண்டுகளிலேயே இரு அவைகளிலும் எதிர்த்தவர்களைவிட ஆதரித்தவர்கள் அதிகம். ஆனாலும் தீர்மானம் தோற்றதாகவே பதிவானது. வழக்கு நீதிமன்றத்துக்குப் போயிற்று.

மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வுக்காக 1975இல் தீர்ப்பை எழுதியவர் ஜான் பால் ஸ்டீவன்ஸ்; அதே ஆண்டு இறுதியில் உச்ச நீதிமன்றம் சென்றவர். அமெரிக்க அரசியலமைப்பின் ஐந்தாம் உறுப்பு எத்தனை மாநிலங்கள் ஏற்க வேண்டும் என்று சொல்கிறது; ஒரு சட்டமன்றத்துக்குள் எத்தனை பேர் கைதூக்கினால் அது ஏற்பு என்று சொல்லவில்லை. திருத்தத்தை ஏற்கும்போது சட்டமன்றம் செய்வது கூட்டாட்சி அரசியலமைப்பு ஒப்படைத்த வேலை. ஆகவே மாநில அரசியலமைப்பு அதன் கையைக் கட்ட முடியாது என்றார் ஸ்டீவன்ஸ். ஆதரவாளர்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். அடுத்த வரியில் அந்த மகிழ்ச்சி வடிந்தது: எத்தனை வாக்கு என்பதைச் சட்டமன்றமே தீர்மானித்துக்கொள்ளலாம். அவைகளின் சொந்த நடைமுறை விதிகளிலும் அதே ஐந்தில் மூன்றுதான் இருந்தது. மாநில அரசியலமைப்பு போட்ட கட்டு அவிழ்ந்தது, ஆனால் அவைகள் தாமே போட்டுக்கொண்ட கட்டு அவிழவில்லை.

107 அசையாமல் நின்றது. திருத்தத்தை எதிர்த்த இயக்கத்தின் தலைவி ஃபிலிஸ் ஷ்லாஃப்லி இதே மாநிலத்தின் ஆல்ட்டன் ஊர்க்காரர். 1980 ஜூனில் ஆதரவு 102, எதிர்ப்பு 71. கெடு 1982 ஜூன் 30 வரை நீட்டிக்கப்பட்டிருந்தது. அந்தக் கடைசி ஜூனில் மாநிலத் தலைநகர் ஸ்பிரிங்ஃபீல்டில் ஏழு பெண்கள் உண்ணாநோன்பு இருந்தார்கள். சிலர் செனட் அவை வாசலில் தங்களைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டார்கள். கீழவை எண்ணியபோது 103. நான்கு குறைவு.

இல்லினாய்ஸ் ஏற்றிருந்தாலும் கணக்கு 36தான், 38 ஆகியிருக்காது. கெடு முடிந்தது. எல்லோரும் மறந்துபோன பிறகு 2017இல் நெவாடா 36ஆவது மாநிலமாக ஏற்று அந்த வாக்கியத்தைத் தட்டி எழுப்பியது. இதற்கிடையில் இல்லினாய்ஸ் கீழவை 118 உறுப்பினர்களாகச் சுருங்கியிருந்தது. பின்னம் மட்டும் மாறவில்லை. தேவை இப்போது 71. 2018 மே 30 அன்று விழுந்தவை 72.

2020இல் வர்ஜீனியா 38ஆவதாக வந்தது. கெடு தாண்டியது, ஐந்து மாநிலங்கள் முன்பே ஏற்பைத் திரும்பப் பெற முயன்றது என்ற சிக்கல்களால் தேசிய ஆவணக் காப்பகம் அதைத் திருத்தமாக வெளியிடவில்லை. அந்த 24 சொற்கள் இன்னும் வாசலில்தான் நிற்கின்றன.

1982இல் 103 பேர் சொன்ன சம்மதம் மறுப்பாகப் பதிவானது. 2018இல் 72 பேர் சொன்னது சம்மதமாகவே பதிவானது. நூற்றுக்கு 58 என்பது 61 ஆனதுதான் வேறுபாடு. அந்த மூன்றைக் கடக்க 36 ஆண்டுகள் ஆயின.