மிளகாய் வருவதற்கு முந்தைய மீன் குழம்பு

சென்ற மாதம் லிஃப்டில் ஒரு நண்பர், "என்ன சார், ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டிலிருந்து மீன் வாசனை வருகிறது, ஆனால் காரம் மூக்கில் ஏறவில்லையே?" என்று கேட்டார். மூன்றாவது மாடி வருவதற்குள் பதில் சொல்லி முடியவில்லை. அதனால் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

வயிற்றுப்புண் வந்ததிலிருந்து என் மனைவி மிளகாயைத் தொடக்கூடாது என்பது டாக்டர் உத்தரவு. முப்பத்தைந்து வருடம் எனக்கு மீன் குழம்பு வைத்துப் போட்டவள், எட்டு மாதமாக மோர் சாதத்தோடு உட்கார்ந்து நாங்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மிளகாய் இல்லாத மீன் குழம்பு நோயாளிச் சாப்பாடு என்பது அவள் கட்சி. நானும் அதே கட்சிதான், கொச்சிக் கிளையில் வேலை பார்த்த நாட்கள் நினைவுக்கு வரும் வரை. அங்கே வீட்டுக்கார அம்மா பண்டிகைக்கு ஆப்பமும் மீன் மொய்லியும் கொடுத்தனுப்புவார். மஞ்சள் நிறம், தேங்காய்ப்பால் மணம். அன்று அதைக் குழம்பு என்றே நான் ஒப்புக்கொள்ளவில்லை.

ஆனால் கணக்கைச் சரிபார்த்தால், புதிய வரவு மிளகாய்தான். அதன் தாயகம் அமெரிக்கக் கண்டம். 1498ல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்த பிறகு, போர்ச்சுகீசியர் மூலமாக நம் கரைக்கு வந்தது. மிளகுபோல் காரமான காய் என்பதால் மிளகாய் என்று பெயரிட்டுக்கொண்டோம். அதற்கு முன் காரத்துக்கு மிளகும் இஞ்சியும்தான். பழந்தமிழில் 'கறி' என்ற சொல்லுக்கே மிளகு என்று பொருள் உண்டு. யவனர்கள் பொன் கொண்டுவந்து முசிறியில் ஏற்றிப்போனது அந்த மிளகைத்தான். ஆக, அந்தக் காலத்தில் இங்கே யார் வீட்டில் மீன் குழம்பு கொதித்திருந்தாலும் அதில் மிளகாய் இருந்திருக்க வழியில்லை. தக்காளியும் அதே அமெரிக்கச் சரக்குதான்!

மொய்லிக்கு இன்னொரு சுவையான பதிவு உண்டு. 1886ல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி, இதைத் தேங்காய் நிறையச் சேரும் சென்னை மாகாணத்துக் குழம்பு என்கிறது. 'மலாய்' என்ற சொல்லின் திரிபே இந்தப் பெயர், மலாய்க்காரர்களின் குழம்பை மோசமாகக் காப்பியடித்தது என்று ஒரு குத்தும் குத்துகிறது. தொகுத்த இருவரில் ஒருவரான பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். என்றாலும் இந்தத் தீர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை. தென்னையும் மீனும் ஒரே கரையில் கிடைக்கும் ஊருக்கு இதைச் சொல்லித்தர மலாயாவிலிருந்து ஆள் வரவேண்டுமா? பெயர் வேண்டுமானால் வந்திருக்கலாம்.

காமா 1524ல் இறந்தது அதே கொச்சியில்தான். முதலில் அடக்கம் செய்த இடம் கோட்டைக் கொச்சி தேவாலயத்தில் இருக்கிறது. பிறகு எலும்புகளைப் போர்ச்சுகலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மிளகாய் வர வழி திறந்தவர் கிடந்த ஊரில், மிளகாய்த்தூள் போடாத குழம்பு இன்றும் கொதிக்கிறது.

செய்வது எளிது, அரை மணி நேரம் போதும். அரை கிலோ வஞ்சிரத்தில் மஞ்சள்தூள், மிளகுத்தூள், உப்பு, எலுமிச்சைச்சாறு தடவிப் பத்து நிமிடம் வையுங்கள். தேங்காய் எண்ணெயில் லேசாக இரண்டு புறமும் வாட்டி எடுத்துவிட்டு, அதே எண்ணெயில் வெங்காயம், இஞ்சி, பூண்டு, கறிவேப்பிலை வதக்கி, இரண்டாம் பாலை ஊற்றுங்கள். வழக்கமாக இரண்டு பச்சை மிளகாய் கீறிப் போடுவார்கள். எங்கள் வீட்டில் அதுவும் கிடையாது, மிளகும் பெயருக்குத்தான். மீனைப் போட்டு ஐந்தாறு நிமிடம். கடைசியில் கெட்டியான முதல் பால். ஊற்றியதும் அடுப்பை அணைத்துவிடுங்கள். கொதித்தால் பால் திரிந்துவிடும். முதல் தடவை எனக்குத் திரிந்துதான் போனது.

இரண்டாவது ஞாயிறு சரியாக வந்தது. மனைவி ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "உப்பு கொஞ்சம் குறைச்சல்" என்றாள். பிறகு தட்டை நீட்டி இன்னொரு துண்டு கேட்டாள்.