இடியனும் என்ஃபீல்டும்

வன்னிக் காடுகளில் வேட்டைக்குப் போனவர்கள் ‘இடியன்’ என்று சொல்லும் துவக்கை இன்றைய வாசகர்களில் பலர் கண்டிருக்கமாட்டார்கள். குழலின் வாய்வழியே கருமருந்தைக் கொட்டி, சன்னத்தை இட்டு, நீண்ட கம்பியால் இடித்து இறுக்கிச் சுடுவதால் அதற்கு அப்பெயர். அதன் தம்பியான ‘கட்டுத்துவக்கு’ இலங்கையின் காட்டோரக் கிராமங்களில் இன்றும் விலங்குகளையும், சில வேளைகளில் வழிப்போக்கரையும் பலியெடுத்து வருகிறது. யுத்தச் செய்திகளை எழுதியே காலத்தின் பெரும்பகுதியைக் கழித்தவன் நான். ஆகவே துவக்கு ஒரு மனிதனுக்குப் பொழுதுபோக்காக இருக்கமுடியும் என்பதே எனக்கு நெடுங்காலம் விளங்காத புதிராக இருந்தது. ஆயினும் மேலைநாடுகளில் இடியன்களைத் தேடிச் சேர்ப்போரின் உலகத்துக்குள் நுழைந்து பார்த்தால், அங்கே எமது தெற்காசியாவின் வரலாறு சிதறிக் கிடப்பதைக் காணலாம்.

அவர்கள் விரும்பித் தேடுவனவற்றுள் ஒன்று 1853ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்ட். குழலின் நீளம் 39 அங்குலம், உள்விட்டம் 0.577 அங்குலம், உள்ளே மூன்று சுருள் வரிகள். கிரிமியப் போரில் பிரித்தானியர் தூக்கிய இதனையே 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் இரு தரப்பாரும் இலட்சக்கணக்கில் இறக்குமதி செய்தனர். கெட்டிஸ்பேர்க் களத்திலும் வெடித்தது; 1857இல் வட இந்தியாவிலும் வெடித்தது.

1857இன் கதையை வாசகர்கள் அறிவர். காகிதத்தில் சுற்றிய தோட்டாவைப் பல்லால் கடித்துப் பிரித்து, மருந்தைக் குழலுக்குள் ஊற்றவேண்டும். அந்தக் காகிதத்தில் பூசிய கொழுப்பு பசுவினுடையதா, பன்றியினுடையதா என்ற ஐயமே சிப்பாய்களைக் கொதிக்கவைத்த பொறிகளுள் ஒன்று. அதன் பின்னர் நடந்தது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கலகம் அடங்கியதும், இந்தியச் சிப்பாய்களுக்கென 1858ஆம் ஆண்டு மாதிரி ஒன்று வந்தது. வெளித்தோற்றத்தில் என்ஃபீல்டேதான். ஆனால் குழலின் உட்புறம் 0.656 அங்குலத்துக்குக் குடையப்பட்டு, சுருள் வரிகள் இல்லாமல் ஆக்கப்பட்டிருந்தது. வரியில்லாத குழலிலிருந்து நூறு யாருக்கு அப்பால் குறிதவறாமல் சுடுவது அரிது. வெள்ளைச் சிப்பாயின் கையிலோ பல நூறு யார் எட்டும் ஆயுதம். ஆட்சியாளரின் அச்சத்தை எத்தனையோ ஆவணங்களில் படித்திருக்கிறோம். இங்கே குழல்வாய்க்குள் ஒரு விரலை விட்டே அதனைத் தொட்டறியலாம். இத்தகைய பொருளைச் சேர்த்து வைப்பவனைக் கிறுக்கன் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை.

சேகரிப்போருக்கு ஒரு சங்கடம் உண்டு. கருமருந்து என்பது ஏறத்தாழ 75 பங்கு வெடியுப்பும், 15 பங்கு கரியும், 10 பங்கு கந்தகமும் சேர்ந்த கலவை. (பிரித்தானியப் பேரரசுக்கு வேண்டிய வெடியுப்பு நெடுங்காலம் பீகாரிலிருந்தே போயிற்று என்பது தனிக்கதை.) எரிந்தபின் அதில் ஒரு பகுதி கசடாகக் குழலிலேயே தங்கிவிடும். அந்தக் கசடு ஈரத்தை உறிஞ்சும். நீர்விட்டுக் கழுவாவிட்டால் துரு பிடிக்கும். ஆகவே பழைய துவக்கைச் சுடச்சுட அது அழியும். உள்நாட்டுப் போரின் நூற்றாண்டு நெருங்கிய 1950களின் இறுதியில், வால் ஃபோர்ஜெட் என்ற அமெரிக்கர் இத்தாலியின் துவக்குத் தொழிற்பட்டறைகளை நாடி, பழைய மாதிரிகளைப் புதிதாக வார்ப்பித்து விற்றார். 1970களில் பேர்மிங்காமின் பார்க்கர் ஹேல் நிறுவனம் என்ஃபீல்டைப் பழைய அளவுகருவிகளைக் கொண்டே மீண்டும் செய்தது. அந்தப் பிரதிகளையே இன்று தேடிச் சேர்ப்போரும் உளர்!

சட்டம் இதில் விசித்திரமாக நிற்கிறது. 1968இல் அமெரிக்காவும் பிரித்தானியாவும் தத்தம் துவக்குச் சட்டங்களை இயற்றின. 1898 அல்லது அதற்கு முன்னர் செய்யப்பட்டவற்றை அமெரிக்கச் சட்டம் பழம்பொருள் என்று விலக்கியது. குழல்வாய்வழி மருந்திடும் பிரதிகளுக்கும் பெரும்பாலும் அதே விலக்குத்தான். பிரித்தானியாவிலோ அழகுக்காக வைத்திருக்கும் அசல் துவக்குக்கு அனுமதிப்பத்திரம் வேண்டியதில்லை. நேற்றுச் செய்த பிரதிக்கு வேண்டும்.

அசலுக்கும் பிரதிக்கும் விலையில் பெரும் இடைவெளி இருப்பதால் மோசடியும் உண்டு. இத்தாலியச் சோதனை முத்திரைகளை அரத்தால் தேய்த்துவிட்டு, அமிலத்தால் துருவேற்றி, பாட்டன் காலத்துப் பொருளென விற்பார்கள். குழலைக் கழற்றி அடிப்புறத்தைப் பாராமல் வாங்காதே என்பது இத்துறையில் பழுத்தவர்களின் முதற்பாடம்.

இந்த அசல், பிரதி என்ற பாகுபாடே நேபாளத்தில் குழம்பிப்போகிறது. ஜங் பகதூர் ராணா 1857-58 காலத்தில் பிரித்தானியருக்குத் துணையாகப் படை நடத்திச் சென்றவர். அவருடைய நாட்டில் கம்மியர்கள் பிரித்தானியத் துவக்குகளைப் பார்த்துக் கையாலேயே அச்சொட்டாகச் செய்து, தேவநாகரியில் எண்களும் குறிகளும் பொறித்தனர். அவை பிரதிகள்தாம், ஆனால் நூற்றைம்பது ஆண்டுப் பழமையானவை. காத்மாண்டுவின் லகன் சிலேகானா என்ற பழைய மாளிகையில் குவிந்து கிடந்த இவற்றையும் அசல் பிரித்தானியத் துவக்குகளையும் சேர்த்து 50,000க்கு மேற்பட்டவற்றை, 2003இல் இரண்டு அமெரிக்க வணிக நிறுவனங்கள் விலைக்கு வாங்கிக் கப்பலேற்றின. வாங்கியவருள் ஒருவரான கிறிஸ்டியன் கிரான்மர் தமது முப்பதாண்டு முயற்சியைப் பற்றி நூலே எழுதினார். வணிகர் வாங்கியிராவிட்டால் அவை துருவேறிப் போயிருக்கலாம், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரு நாட்டின் படைக்கலக் கொட்டில் முழுவதும் ஒன்றாக இருந்தபோது சொல்லக்கூடிய கதையை, ஒவ்வொன்றாகச் சுவர்களில் தொங்கும் துவக்குகள் சொல்லா என்பதே என் எண்ணம்.

கண்டியின் நிலை வேறு. 1765இல் ஒல்லாந்தக் கம்பனிப் படை அரண்மனையைச் சூறையாடிக் கொண்டுபோன பொருட்களில், புகழ்பெற்ற லெவுக்கே பீரங்கியோடு இரண்டு மதில் துவக்குகளும் 2023 டிசெம்பரில் கொழும்பு தேசிய அருங்காட்சியகத்துக்கு மீண்டன. கொள்ளையென்று நிறுவ முடிந்ததால் கேட்க முடிந்தது. நேபாளத் துவக்குகளோ பணம் கொடுத்து வாங்கப்பட்டவை. கழுவித் துடைத்தவை ஒரு விலைக்கும், நூற்றாண்டு அழுக்கோடு அப்படியே வேண்டுவோருக்குத் துடைக்காதவை வேறொரு விலைக்குமாக அவை அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தன.